துரை விட்டுப்போன தூண்டில்: பரணில் கிடக்கும் மூங்கில் ஃப்ளை ராடை அடையாளம் கண்டு விலை மதிப்பது எப்படி?

என் தாத்தா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். சுதந்திரத்துக்குப் பிறகு துரை ஊருக்குக் கிளம்பியபோது தாத்தாவிடம் விட்டுப்போனவை ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பித்தளை விளக்கு, ஒரு நீளமான துணிப்பை. நாற்காலியும் விளக்கும் வீட்டில் புழங்கின. பை பரணுக்குப் போய்விட்டது. அதிலிருந்த மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து அத்தை ஒட்டடைக் கோலின் நுனியில் கட்டி வைத்திருந்தார். எத்தனையோ வருடம் கழித்துத்தான் அது ஒரு பழைய ஃப்ளை ராடின், அதாவது பூச்சி போலச் செய்த பொய் இரையை வீசி மீன் பிடிக்கும் கம்பின், நுனித் துண்டு என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் நுனியில் நாலு அங்குலம் போய்விட்டது.

அத்தை மேல் குற்றமில்லை. சொல்லித்தர ஆள் இல்லை. சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த காலம் தொட்டு எத்தனையோ துரைமார் குடும்பங்கள் வந்து போயிருக்கின்றன. அவர்கள் விட்டுப்போன இப்படிப்பட்ட பைகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், ஒட்டடைக் கோலாக மாறும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள்

பையைத் திறந்ததும் கை பரபரக்கும். துடைக்கத் தோன்றும், மாட்டி ஆட்டிப் பார்க்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஸ்பிரிட், டர்பன்டைன், உப்புத்தாள், தேங்காய் எண்ணெய் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பழைய வார்னிஷுக்கு அடியில் மையால் எழுதிய பெயரும் எண்ணும் இருக்கலாம். வார்னிஷ் கரைந்தால் எழுத்தும் சேர்ந்து போகும். அதோடு பாதி மதிப்பும் போய்விடும்.

சேலத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. துண்டுகளை ஒன்றோடொன்று மாட்டும் உலோகக் குழல்களை ஃபெரூல் என்பார்கள். நல்ல ராடுகளில் அவை பெரும்பாலும் வெண்மையாக இருக்கும். வெள்ளி என்று நினைத்துச் செவ்வாய்ப்பேட்டைக்கு எடுத்துப்போய்விடாதீர்கள். அது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது, வெள்ளி ஒரு குன்றிமணி கூடக் கிடையாது. நான் ஒரு பட்டறையில் பாலிஷ் போடக் கொடுத்தேன். கொலுசு போலப் பளபளவென்று வந்தது. ஆனால் உள்ளே நுழையும் ஆண் குழலில் மயிரிழை அளவு உலோகம் தேய்ந்து, இன்று வரை அந்த மூட்டு தளதளவென்று ஆடுகிறது. குழலில் படிந்திருந்த கறுப்பை அப்படியே விட்டிருந்தால் மதிப்பும் கூடுதலாக இருந்திருக்கும்.

மூட்டு இறுகிப்போய்க் கழலாமல் இருந்தால் முறுக்காதீர்கள். முறுக்கினால் மூங்கிலின் பசை விட்டுவிடும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் மூட்டின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கை வைத்து, நேர்கோட்டில் மெதுவாக இழுக்க வேண்டும். நல்ல மூட்டு கழலும்போது பாட்டில் மூடி திறப்பதுபோல ‘பக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் சந்தோஷப்படுங்கள், செய்தவர் கெட்டிக்காரர்.

இது ஃப்ளை ராடுதானா?

ஏற்காட்டு ஏரியில் டிரௌட் மீன் கிடையாது. இங்கிருந்த துரைமார் அந்த மீனுக்காக நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போயிருப்பார்கள். காவிரியில் மஹ்சீர் என்ற பெரிய மீனைப் பிடிக்கப் போனவர்கள் வைத்திருந்தது வேறு வகைக் கம்பு. ஆகவே நம் பக்கத்தில் கிடைக்கும் பைகளில் இரண்டு வகையும் இருக்கலாம்.

பிரித்தறிவது சுலபம். கையால் பிடிக்கும் கார்க் பகுதியைப் பாருங்கள். மீன் நூல் சுற்றும் ரீலை மாட்டும் இடம் பிடிக்குக் கீழே, கம்பின் அடி நுனியில் இருந்தால் ஃப்ளை ராடு. பிடிக்கு மேலேயோ நடுவிலேயோ இருந்தால் அது ஸ்பின்னிங் என்ற வேறு வகைக் கம்பு அல்லது மஹ்சீர் கம்பு. ஃப்ளை ராடில் நூல் ஓடும் வளையங்கள் மெல்லிய கம்பியைப் பாம்புபோல நெளித்துச் செய்தவை. அடியில் ஒரு வளையத்தில் மட்டும் அகேட் கல் பதித்திருக்கலாம். கல்லில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், விரிசல் விட்ட கல் நூலை அறுக்கும்.

ரீல் மாட்டும் இடத்துக்கு மேலும் கீழும் இரண்டு கார்க் பகுதிகள் இருந்து, கம்பு 12 அடி, 14 அடி என்று நீண்டால் அது இரண்டு கையால் வீசும் சால்மன் ராடு. பார்க்கப் பிரமாண்டமாக இருக்கும். அதை வாங்க ஆள் மிகக் குறைவு.

மூங்கிலா, மரமா? எத்தனை பிளாச்சு?

மேட்டூர் அணைக் கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள் கையில் இருப்பது முழு மூங்கில். இது அப்படியல்ல. மூங்கிலை நீளவாட்டில் பிளாச்சுகளாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் 60 டிகிரி கோணமுள்ள முக்கோணமாக இழைத்து, ஆறு பிளாச்சுகளைப் பசைபோட்டு ஒட்டியது. குறுக்கே வெட்டினால் ஆறு பக்கம் தெரியும். கம்பை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினாலே ஆறு முகமும் கைக்குத் தட்டுப்படும். அடியில் சுண்டுவிரல் கனம், நுனியில் தீக்குச்சியை விட மெல்லியது. அந்த நுனியிலும் அதே ஆறு முக்கோணங்கள் இருக்கின்றன. கையால் இழைத்த ஒருவரின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கிறது. நாலு பிளாச்சு, ஐந்து பிளாச்சு ராடுகளும் உண்டு. அவை அபூர்வம், தேடுபவர்களும் உண்டு.

முகங்கள் இல்லாமல் முழு வட்டமாக, கணுக்களே இல்லாமல் இருந்தால் அது மூங்கிலே அல்ல, கிரீன்ஹார்ட் போன்ற மரம். மூங்கில் ராடுக்கு முந்தைய காலத்து வழக்கம் அது.

ஒரு சிறு விஷயம், ஆனால் நமக்கு நெருக்கமானது. முதலில் இந்த ராடுகளைச் செய்தது இந்திய மூங்கிலில். கல்கத்தா துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியதால் ‘கல்கத்தா கேன்’ என்று பெயர். அந்த மூங்கிலில் நெருப்பில் வாட்டிய பழுப்புத் தழும்புகள் அடிக்கடி தென்படும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் குவாங்டாங் பகுதியிலிருந்து வந்த ‘டாங்கின் கேன்’ அதன் இடத்தைப் பிடித்தது. அதில் கணுக்களுக்கு நடுவே தூரம் அதிகம், தோலுக்குக் கீழே நார் அடர்த்தி. மெக்ளூர் என்ற தாவரவியலாளர் 1931-இல் அதற்கு ‘அமாபிலிஸ்’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் ‘அன்புக்குரியது’ என்று பொருள். உங்கள் ராடில் தழும்பும் நெருக்கமான கணுக்களும் இருந்தால் அது 19-ம் நூற்றாண்டைத் தொட்டதாக இருக்கலாம்.

எழுத்தைத் தேடுங்கள்

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பிடிக்கு மேலே உள்ள முதல் ஓரடியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடியுங்கள். பழுப்பேறிய வார்னிஷுக்குக் கீழே எழுத்து தெரியும். ரீல் மாட்டும் உலோகம், அடியிலுள்ள மூடி, ஃபெரூல் ஆகிய இடங்களில் அச்சு குத்தியிருப்பார்கள். தேய்ந்த அச்சின் மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும்பும். பை, உலோகக் குழாய், பழைய ரசீது எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

இங்கிலாந்துச் சரக்குதான் நம் பக்கம் அதிகம் எதிர்பார்க்கலாம். ஆல்நிக் ஊரில் 1872-இல் தொடங்கிய ஹார்டி பிரதர்ஸ் முதலிடம். மூங்கில் ராடுகளுக்கு அவர்கள் வைத்த வணிகப் பெயர் ‘பாலகோனா’. கூடவே மாடல் பெயரும் எண்ணும் இருக்கும். ரெடிச் ஊரின் ஆல்காக், மில்வார்ட், லண்டனின் ஃபார்லோ, அபர்டீனின் ஷார்ப்ஸ் ஆகியவையும் பார்க்கக்கூடிய பெயர்கள்.

அமெரிக்க ராடு கிடைத்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். லெனார்ட், பெய்ன், கேரிசன், தாமஸ், பால் யங் ஆகிய பெயர்களுக்குச் சேகரிப்பாளர்கள் ஏங்குகிறார்கள். கேரிசனின் கைவேலைக்குத் தனி மரியாதை. ஆர்விஸ், வின்ஸ்டன், கிரேஞ்சர், ஹெடன் நல்ல நடுத்தர வரிசை. மான்டேகு, ஹாராக்ஸ்-இபட்சன், சவுத் பெண்ட் ஆகியவை தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்தவை. அவற்றிலும் சில உயர்ந்த மாடல்கள் உண்டு.

ராடில் கடைப் பெயர் மட்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் போன்ற கடைகள் வேறு பட்டறைகளில் செய்ய வைத்துத் தங்கள் பெயரைப் போட்டு விற்றன. அப்போது ஃபெரூல், ரீல் மாட்டும் இடம், வளையங்களைக் கட்டியிருக்கும் பட்டு நூலின் நிறம் மூன்றையும் ஒப்பிட்டுத்தான் செய்தவரைக் கண்டுபிடிக்க முடியும்.

மரப்பெட்டிக்குள் பளிச்சென்ற நூல் சுற்றிய பல துண்டுகள், பொய்ப் பூச்சிகள், மிதவை எல்லாம் அடுக்கி இருந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் நினைவுப் பொருளாகச் செய்தது. பார்க்க அழகு, விலை சொற்பம். இதைச் சொல்லும்போது பலருக்கு முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

காலத்தைக் கணிப்பது

ராடின் மேல் எச்.டி.எச்., எச்.சி.எச். என்று மூன்று எழுத்து இருந்தால் அது மீன் நூலைப் பட்டில் செய்த காலத்தது. அந்த எழுத்துகள் மீன் நூலின் தடிமனைக் குறிப்பவை. 1961-இல் நூலை எடையால் எண்ணிடும் முறை வந்தது. ஆகவே 5, 6 என்று எண் போட்டிருந்தால் அதற்குப் பிந்தையது என்று கொள்ளலாம். எச்.டி.எச். இன்றைய 6-ம் எண்ணுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

கம்பு முழுக்க அங்குலத்துக்கு அங்குலம் பட்டு நூல் கட்டியிருந்தால் பொதுவாகப் பழையது. பசையை நம்பாத காலத்தில் அப்படிக் கட்டினார்கள். பசை தேறத் தேற வளையங்களில் மட்டும் கட்டினால் போதும் என்றாகிவிட்டது. 1946 வாக்கில் ஆர்விஸில் வெஸ் ஜோர்டன் மூங்கிலுக்குள் பிசினை ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். அந்த ராடுகளுக்கு மேல் வார்னிஷ் தேவையில்லை. 1950-இல் அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டதும், அதே சமயம் ஃபைபர்கிளாஸ் வந்ததும் சேர்ந்து மூங்கில் ராடின் பொற்காலத்தை முடித்துவைத்தன.

அளந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ராடை மாட்டி, அடி மூடியிலிருந்து நுனி வளையம் வரை அங்குலக் கணக்கில் அளக்க வேண்டும். ராடுகள் 7½, 8, 8½, 9, 9½, 10 அடி என்று அரையடிக் கணக்கில்தான் பெரும்பாலும் விற்றன. உங்கள் அளவு 8 அடி 9 அங்குலம் வந்தால், 9 அடி ராடில் நுனி மூன்று அங்குலம் உடைந்து, யாரோ வளையத்தைக் கீழே இறக்கி மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

நல்ல ராடுகளுடன் இரண்டு நுனித் துண்டுகள் வரும். இரண்டையும் அருகருகே வையுங்கள். ஒரே நீளமா? நூல் நிறம் ஒன்றா? எங்கள் வீட்டு ராடு ஹார்டி பாலகோனா, மூன்று துண்டு, 9 அடி. ஒரு நுனி சரியாக இருக்கிறது. ஒட்டடைக் கோலிலிருந்து அவிழ்த்த நுனியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் அந்த நாலு அங்குலம் தெரிந்தது.

உடம்பில் என்ன கோளாறு?

ஒவ்வொரு துண்டையும் கண்ணருகே வைத்து, துப்பாக்கி குறிபார்ப்பது போல நீளவாட்டில் பாருங்கள். லேசான வளைவு இருந்தால் பரவாயில்லை. வருடக்கணக்காக மூலையில் சாய்த்து வைத்ததால் வந்தது, தெரிந்தவர் கையில் இளஞ்சூட்டில் நிமிரும். முறுக்கு இருந்தால் கவலை.

பிளாச்சுகள் பிரிந்திருக்கின்றனவா என்று பார்ப்பது ஏற்காட்டு ராடுக்கு மிக முக்கியம். பழைய ராடுகளில் விலங்குப் பசைதான் போட்டார்கள், ஈரத்தில் அது இளகும். மலையில் மழைக்காலத்துப் பனிமூட்டம் பெட்டிக்குள்ளும் புகுந்துவிடும். விளிம்போரம் மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு ஓடினால் அங்கே பசை விட்டிருக்கிறது. நகத்தால் லேசாகத் தட்டினால் ‘டக்’ என்பதற்குப் பதில் பொத்தென்று சத்தம் வரும்.

அடுத்தது உளுத்தல். பைக்குள் மாவு மாதிரி மஞ்சள் பொடி இருக்கிறதா? கம்பில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் உண்டா? இருந்தால் வண்டு குடைந்திருக்கிறது. அந்தத் துண்டை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே சல்லடையாக இருக்கும்.

கடைசியாகப் பட்டு நூல். சேலத்தில் பட்டு நெசவு செய்பவர் யாரிடம் காட்டினாலும் ‘இது பட்டு, இது நைலான்’ என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். ஒரு வளையத்தில் மட்டும் நைலான் என்றால் பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள். குற்றமில்லை, ஆனால் விற்கும்போது சொல்லிவிட வேண்டும்.

பையில் வேறென்ன இருக்கிறது?

ராடைவிட ரீல் அதிக விலை போவது அடிக்கடி நடக்கும். ஹார்டியின் ‘பெர்ஃபெக்ட்’ ரீல் 1890களிலிருந்து வருவது. பித்தளை முகம் கொண்ட பழைய பெர்ஃபெக்ட் கிடைத்தால் அதைத் தனியாகவே மதிப்பிடுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அத்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

பொய்ப் பூச்சிகள் உள்ள டப்பா இருந்தால், கறுப்பில் வெள்ளையும் மஞ்சளும் மினுங்கும் சின்ன இறகுகளைப் பாருங்கள். அது நம் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. சால்மன் பூச்சி கட்ட மேல்நாட்டார் அதற்கு உயிரை விட்டார்கள். காட்டுக்கோழி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. அந்த டப்பாவை விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ போகாதீர்கள்.

விலை

விலையைத் தீர்மானிப்பவை செய்தவர், நீளம், நிலைமை, முழுமை ஆகிய நான்கு. வயது ஐந்தாவதாகத்தான் வரும். ‘நூறு வருஷம் பழசு’ என்பதற்காக மட்டும் யாரும் காசு தர மாட்டார்கள்.

நீளத்தில் நம் கணக்கு தலைகீழாகும். குட்டையான ராடுக்கே மதிப்பு. 7, 7½, 8 அடி ராடைச் சேகரிப்பவரும் கேட்பார், ஆற்றில் வீசுபவரும் கேட்பார். 9, 9½ அடி ராடுகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை, கனமும் கூடுதல்.

ஒரு தோராயம் சொல்கிறேன். சாதாரணத் தொழிற்சாலை ராடு பெரும்பாலும் 100 டாலரைச் சுற்றியே நிற்கும். வழக்கமான நீளத்து ஹார்டி பாலகோனா 100 பவுண்டிலிருந்து சில நூறு பவுண்டு வரை. பெய்ன், கேரிசன் நல்ல நிலையில் இருந்தால் பல ஆயிரம் டாலர்.

துல்லியமாக மதிப்பிட, ஏலத்தில் முடிந்த விலையைப் பாருங்கள். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலை ஆசை விலை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. இங்கிலாந்தின் முல்லக்ஸ், அமெரிக்காவின் லாங்ஸ் போன்ற மீன்பிடிச் சாமான் ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளும் கிடைக்கும். அதே மாடல், அதே நீளம், அதே துண்டுக் கணக்கு மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

எங்கள் ராடுக்கு நான் போட்ட கணக்கு இது. இதே மாதிரி குறையில்லாத ராடு 200 பவுண்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நுனி குட்டை, ஆகவே மூன்றில் ஒரு பங்கு கழிக்கிறேன். ஆடும் மூட்டுக்கு இன்னொரு 30 பவுண்டு. மீதி சுமார் 100. ஏலக் கமிஷன், விமானச் செலவு, காப்பீடு எல்லாம் போனால் கையில் நிற்பது 50 பவுண்டு பக்கம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் விற்கும் எண்ணத்தையே விட்டேன்.

விற்பதானால்

வெள்ளை வேட்டி விரித்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முழு ராடு, எழுத்து, ஒவ்வொரு ஃபெரூல், இரண்டு நுனி, கார்க், ஒவ்வொரு குறையும் தனித்தனியாக. குறையைப் பெரிதாகவே காட்டுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் ராடின் வயதை யோசியுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம், அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. எல்லைக்கோட்டில் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்நாட்டிலேயே வாங்க ஆள் உண்டு. ஊட்டி, மூணாறு, இமாச்சல் பக்கம் டிரௌட் பிடிப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

வைத்துக்கொள்வதானால்

துணிப்பைக்குள் போட்டு, பீரோவுக்குள் நேராகத் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்க்க வேண்டாம். அலுமினியக் குழாயில் வைப்பதானால் பையும் ராடும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் வார்னிஷ் கொப்பளிக்கும். ஐப்பசி, கார்த்திகை முடிந்ததும் ஒருநாள் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்.

கூடவே ஒரு தாளில் யார் கொடுத்தது, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று தெரிந்ததை எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நான் அத்தையிடம் கேட்டு எழுதிய தாள் இப்போது அந்தப் பைக்குள் இருக்கிறது. நாலு அங்குலம் குறைந்த அந்த நுனியையும் தூக்கிப்போடவில்லை, மற்றதன் பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கிறேன்.